ஒல்லியான அம்மாவும் நானும்

எங்கள் வீட்டில் குண்டு நான்தான். திருவிழாவுக்கு வரும் உறவினர் முதலில் என் கன்னத்தைக் கிள்ளுவர், பிறகு, "அம்மாவைப் பார், கொடிபோல இருக்கிறாள்! நீ யாரைக் கொண்டு பிறந்தாயோ?" என்பர். வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கு எழுத மனமில்லை. களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, பாட்டியிடம் திட்டு வாங்கிய நாட்களும் உண்டு.

சென்ற ஆடியில் அம்மாவுக்கு ஓயாத தாகம், அசதி. பாப்பிரெட்டிப்பட்டியிலேயே இரத்தம் பரிசோதித்தார்கள். சர்க்கரை நோயாம்! "ஒல்லியாக இருப்பவளுக்கா?" என்று பாட்டி நம்பவேயில்லை. நானுந்தான்.

அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் விளக்கியதும் நான் படித்ததும் இதுதான், தோழியரே. எதுவாக வளர்வது என்று முடிவாகாத இளஞ்செல்லைக் கொழுப்புச் செல்லாக்கும் பொறுப்பு 'பிபிஏஆர் காமா' என்னும் மரபணுவுடையது. பள்ளி மணி அடித்ததும் எல்லா வகுப்புகளும் தொடங்குவதுபோல, அதன் புரதம் வேறு பல மரபணுக்களை வேலைக்கு எழுப்புகிறது. அப்படிப் பிறக்கும் செல், பாட்டி வீட்டுக் கேழ்வரகுக் குதிர் போன்றது. குதிர் போதாவிட்டால் தானியம் தரையில் சிந்துமல்லவா? கொழுப்பும் கல்லீரலிலும் தசையிலும் சென்று தங்கும். அங்கே இன்சுலினின் சொல் எடுபடாது. நான் வெறுத்த கொழுப்புச் செல்லுக்கு இப்படியும் ஒரு வேலை!

இந்த மரபணுவில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் ஐரோப்பியரைச் சர்க்கரை நோயிலிருந்து ஓரளவு காக்கிறது. ஆனால் சென்னையிலும் அமெரிக்காவின் டல்லாஸிலும் வாழ்வோரை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வில், நம்மவருக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை என்று கண்டார்கள். அதே மாற்றம், வேறு பலன்!

இன்னொன்று என்னை வியக்க வைத்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய லண்டன் நண்பர் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! மரபணு மட்டுமன்று, தாயின் கருவில் கிடைத்த ஊட்டமும் இதற்குக் காரணம் என்பது யாஜ்னிக்கின் கருத்து.

இப்போது விடியற்காலையில் அம்மாவும் நானும் நடக்கிறோம். களியை முழுதாய்ச் சாப்பிடுகிறேன். பொங்கலுக்கு வந்த அத்தை வழக்கம்போலக் கன்னத்தைக் கிள்ளினார். "நீங்கள் சர்க்கரை பார்த்துக்கொண்டீர்களா, அத்தை?" என்று கேட்டேன்.

அத்தையும் ஒல்லிதான்.