மாடிப்படிக்குக் கீழே தீபாவளி

ஒரு அக்டோபரில் லண்டன் போயிருந்தேன். "அத்தான், வீட்டிலேயே பீர் போடுவோமா?" என்றான் மைத்துனன். எனக்கு நம்ம ஊர் பயம். "போலீஸ் வராதா?" "லைசென்ஸையெல்லாம் 1963-லேயே எடுத்துட்டாங்க. விற்காத வரைக்கும் யாரும் கேட்க மாட்டாங்க!"

மால்ட் பாகு ஒரு டின், சர்க்கரை ஒரு கிலோ, தண்ணீரோடு சேர்த்து 23 லிட்டர், மேலே ஒரு பொட்டலம் ஈஸ்ட். நம்ம இட்லி மாவு சமாசாரம்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடும். வாளி மூடியில் செருகிய குழாய் ராத்திரி பூரா 'ப்ளக்... ப்ளக்...'

ஆறாம் நாள் சத்தம் நின்றது. ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே அளவு காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கணும் என்று தாளில் போட்டிருந்தது. எனக்கோ பத்து நாளில் ஃப்ளைட். "ஒரு தடவை பார்த்தாச்சு, போதும்" என்றேன். பி.காம். படித்தவன் கணக்கு தப்பாது என்று அவனும் நம்பினான், பாவம்! பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடி, மாடிப்படிக்குக் கீழே கதகதப்பான அலமாரியில் அடுக்கினோம். சமையலறைக் குளிரில் தூங்கிப் போயிருந்த ஈஸ்ட், அங்கே முழித்துக்கொண்டது.

ஏழாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு 'டமால்!' "மாமா, தீபாவளியா?" என்று ஓடிவந்தாள் மைத்துனன் மகள். அலமாரியைத் திறந்தேன். அவள் தினமும் காலையில் எடுக்கும் குட்டி சைக்கிள் அங்கேதான் நிற்கும். அதன் சீட்டில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது.

மைத்துனன் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைப்பத்தை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

மிச்ச பாட்டில்களை ஹெல்மெட், கையுறை சகிதம் ஒவ்வொன்றாகத் திறந்து சிங்க்கில் கொட்டினோம். கடைசி பாட்டிலில் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்... நன்றாகவே இருந்தது!