கூடு நிறைய மருந்து

ரிவால்வர் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களிடம் எந்த வெடிமருந்து நல்லது என்று கேட்டால், பேச்சு நேராக வேகத்துக்குப் போய்விடும். குண்டு நொடிக்கு எத்தனை அடி பாய்கிறது, கையில் உதை எவ்வளவு, இலக்கில் துளைகள் எத்தனை நெருக்கமாக விழுகின்றன என்று அடுக்குவார்கள். அமெரிக்காவில் இந்த வேலை நடக்கும் கார் கொட்டகைகளையும் நிலவறைகளையும் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. .38 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்ற பழைய ரிவால்வர் தோட்டாக்களுக்கு மருந்து தேரும்போது முதலில் கேட்க வேண்டியது, அளக்கும் கை தவறினால் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியுமா என்பதைத்தான். வேகமும் விலையும் அதற்குப் பின்னால் வரட்டும்.

அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் கடையில் கிடைக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். நம் ஊருக்கும் இன்றைய தோட்டாக்களில் போடும் புகையற்ற மருந்துக்கும் உள்ள உறவு குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் என்ற புகையற்ற மருந்தைச் செய்யப் பிரிட்டிஷார் அங்கே நிறுவிய ஆலை இன்றும் ராணுவத்துக்கு மருந்து செய்கிறது. அது ஆலைத் தொழில். நான் சொல்வது ஒற்றை ஆள் மேசையில் உட்கார்ந்து செய்யும் கைவேலை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, பழைய அளவுக்குச் சுருக்கி, செத்த பிரைமரைத் தட்டிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வாயைச் சற்று விரித்து, மருந்து கொட்டி, குண்டை அமர்த்தி இறுக்குவார்கள். மற்ற எந்தப் படியில் பிழை வந்தாலும் முடிந்த தோட்டாவைப் பார்த்தோ தடவியோ கண்டுபிடித்துவிடலாம். மருந்தில் வந்த பிழை மட்டும் குண்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அனுபவசாலிகள் ஐம்பது கூடுகளைத் துளைப்பலகையில் நிறுத்தி, குண்டு வைக்குமுன் கைவிளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கிறார்கள். மொத்த வேலையிலும் அவர்கள் பேச்சை நிறுத்துவது அந்த நிமிடங்களில் மட்டும்தான்.

பார்த்தால் தெரிய வேண்டுமே என்பதில்தான் சிக்கல், அதற்குக் காரணம் கூட்டின் வயது. .45 கோல்ட் 1873இல் வந்தது, .38 ஸ்பெஷல் 1898இல். இரண்டும் கரிமருந்துக்காகப் பிறந்த கூடுகள். கரிமருந்தைக் கூடு நிறையப் போட்டு, இடைவெளி விடாமல் குண்டை வைத்து அழுத்துவதுதான் முறை. .38 ஸ்பெஷலில் ஏறத்தாழ 21 கிரெயின், .45 கோல்டில் 40 கிரெயின் வரை போட்டார்கள். (ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு.) 1884இல் பிரான்ஸில் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டபின் அதே வேலைக்கு அந்த எடையில் சிறு பங்கே போதும் என்றாயிற்று. மருந்து சுருங்கியது, கூடு சுருங்கவில்லை. இன்றைக்கு .38 ஸ்பெஷலில் வேகமாக எரியும் அடர்த்தியான மருந்தை உரிய அளவில் கொட்டினால் அது அடியில் ஒரு சிட்டிகைப் பொடிபோலத்தான் தெரியும். அதன்மேல் இன்னொரு முறை கொட்டினாலும் கூட்டில் இடம் மிச்சமிருக்கும்.

அந்த இரண்டாவது கொட்டுதான் கையையும் கண்ணையும் பறிப்பது. மருந்து இரட்டிப்பானால் அழுத்தம் இரட்டிப்போடு நிற்பதில்லை. அழுத்தம் ஏற ஏற மருந்து எரியும் வேகமும் ஏறும், அது மேலும் அழுத்தத்தை ஏற்றும். இந்த உறவை வாய்பாடாக்கியவரும் அதே வியேல்தான். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .45 கோல்டுக்கு 14,000. இரட்டை மருந்து இந்த எல்லைகளை எங்கோ பின்னால் விட்டுவிடும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மருந்தே விழாத கூட்டில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். சத்தம் மெலிந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் மருந்து குறைந்தால் இயந்திரமே இயங்காமல் நின்று எச்சரிக்க வாய்ப்புண்டு. ரிவால்வர் அப்படியில்லை, விசையை இழுத்தால் அடுத்த அறை தானாக வந்து நிற்கும்.

பெயர்களோடு பேசலாம். புல்ஸ்ஐ, யூனிக் இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வந்த மருந்துகள், இன்றும் விற்பனையில் இருப்பவை. புல்ஸ்ஐ மிக வேகமாக எரியும். சிறு அளவிலேயே வேலை முடிந்துவிடும், துல்லியத்தில் அதற்கு நல்ல பெயர். யூனிக் சற்று மெதுவானது, தட்டைத் தட்டையான செதிலாக இருப்பதால் அதே வேலைக்கு அதிக இடம் பிடிக்கும். .38 ஸ்பெஷலில் யூனிக் இரு முறை விழுந்தால் வழியாவிட்டாலும் வாய்ப்பக்கம் ஏறி வந்து கண்ணில் படும். .45 கோல்டின் அகன்ற வயிற்றில் அந்த நம்பிக்கையும் இல்லை, பக்கத்துக் கூட்டோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். அந்த வயிற்றுக்காகவே வந்தது டிரெயில் பாஸ். பழைய கௌபாய் உடையில், பழைய மாதிரித் துப்பாக்கிகளோடு நடக்கும் போட்டிகளுக்காக ஹாட்ஜன் நிறுவனம் அதை விற்றது, செய்தது ஆஸ்திரேலியாவில். நடுவில் துளையுள்ள சிறு வளையங்கள். எடை கொஞ்சம், பருமன் மிகுதி. ஒரு கொட்டிலேயே கூடு பெருமளவு நிறையும், இரண்டாவது கொட்டு மேசையில் சிந்தும். புகையற்ற மருந்துக்குக் கரிமருந்தின் பழைய ஒழுக்கத்தைத் திருப்பித் தந்த மருந்து என்று இதைச் சொல்வேன்.

விலைக்கணக்கு சொல்லி மறுப்பவர்கள் உண்டு. அடர்த்தியான வேக மருந்தில் ஒரு பவுண்டுக்கு அதிகத் தோட்டா தேறும் என்பது உண்மைதான். எவ்வளவு மிச்சம் என்று போட்டுப் பார்ப்போம். பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தோட்டாவுக்கு நாலு கிரெயின் என்கிற மருந்தில் செலவு 2.3 சென்ட், ஐந்தரை கிரெயின் என்றால் 3.1 சென்ட். பிரைமரும் குண்டும் இதைவிடப் பல மடங்கு விலை. முழுத் தோட்டாவில் மிகக் குறைந்த செலவுள்ள பொருளில் ஒரு சென்ட்டுக்கும் குறைவாக மிச்சம் பிடிக்கிற சிக்கனம் எனக்கு விளங்கவில்லை. இதைவிட வலுவான மறுப்பு அளவையைப் பற்றியது. மருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போடுவதில்லை; படியில் தலைதட்டி அளப்பதுபோல, கைப்பிடியைத் திருப்பினால் ஒரு குழியளவு விழும் கருவியால்தான் அளக்கிறார்கள். மணிமணியான மருந்து அதில் தண்ணீராக ஒழுகும். யூனிக்கின் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தயங்கும், குழியின் விளிம்பில் வெட்டுப்படும், எடை சற்று ஏறி இறங்கும். மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் நிதானமாக இயக்குபவரிடம் ஒரு கிரெயினில் சிறு பின்னமாக அடங்கிவிடும், நடுத்தர அளவில் மருந்து போடுபவருக்கு அது ஆபத்தில்லை. சீரற்ற அளவுக்காக மருந்தை ஒதுக்கிவிட்டு, முழுக் கொட்டையே மறைக்கும் மருந்தை எடுப்பது சிறு பிழையைத் தவிர்த்துப் பெரும்பிழைக்கு இடங்கொடுப்பது.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா முடித்துத் தரும் சுழல் பிரஸ்களில், மருந்தின் உயரம் தவறினால் ஓசை எழுப்பும் சோதனைக் கருவியைப் பொருத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பிரஸ்களில் பிழை நுழையும் நேரம் எது? ஏதாவது சிக்கி, தட்டை முன்னும் பின்னும் திருப்பி, எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது என்ற கணக்கு மறந்துபோகும் நேரம். இயந்திரத்தின் ஒழுங்கு கலைந்திருக்கும் அந்த நேரத்தில் நம்பத் தக்கது கூட்டுக்குள் தெரியும் மருந்தின் மட்டம் மட்டுமே. பருத்த மருந்து இன்னொரு வகையிலும் உதவும். கூட்டில் காலியிடம் அதிகமாக இருந்தால் மருந்து முன்னும் பின்னும் ஓடும். துப்பாக்கியைத் தாழ்த்தி நிமிர்த்திச் சுடும்போது ஒரு வேகம், உயர்த்தி இறக்கிச் சுடும்போது வேறொரு வேகம் வரும். டைட்குரூப் போன்ற சில மருந்துகள் இந்தக் கோளாறு இல்லாதவை என்று விற்கப்படுகின்றன. அது இரட்டைக் கொட்டுக்கு விடையாகாது.

அதிக அழுத்தத்தில் சுடும் மேக்னம் தோட்டாக்களுக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது. .357 மேக்னம் 1935இல் புகையற்ற மருந்துக்காகவே வந்தது, உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு. முழு வேகத்துக்கு அதில் எச்-110 போன்ற மெதுவான மருந்தைக் கூடு நிறையப் போடுகிறார்கள். கூடு நிறைவதால் இரட்டைக் கொட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் உதையைக் குறைக்கலாம் என்று அளவைக் கண்டபடி குறைத்தால் அது சரியாகப் பற்றாமல் குண்டைக் குழலில் நிறுத்திவிடும். குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். இலேசான தோட்டாவுக்கு மெதுவான மருந்து போட்டால் இன்னொரு தொல்லை. எரியாத மணிகள் கூட்டை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் புகுந்து, உருளை சுழலாமல் இறுகும். பழக்கப்பட்டவர்கள் குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தித்தான் காலிக் கூடுகளைத் தள்ளுகிறார்கள். ஆகவே பருமன் ஒன்றையே பார்த்துத் தேர்வதும் தப்பு. எரியும் வேகமும் தோட்டாவுக்கு ஒத்துவர வேண்டும்.

எரியும் வேகப் பட்டியல் ஒன்று பல மேசைகளின் மேல் சுவரில் ஒட்டியிருக்கிறது, வேகமானதிலிருந்து மெதுவானதுவரை வரிசை எண்ணோடு. அது வரிசை மட்டும்தான், அளவுகோல் அல்ல. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம் என்றும் சொல்லாது. பெயர்களும் ஏமாற்றும். எச்.பி.-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்து, வேறு டப்பா. அலையன்ட் நிறுவனத்தின் புளூ டாட் பல ஆண்டுகள் மேக்னம் ரிவால்வர்களில் பழகிய மருந்து; .357இல் 125 கிரெயின் குண்டோடும், .41 மேக்னத்தில் எந்தக் குண்டோடும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2008இல் அதே நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்தைய கையேடுகள் இன்னும் பல மேசைகளில் கிடக்கின்றன. டிரெயில் பாஸும் சில ஆண்டுகளாகக் கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைக்காதபோது பலர் யூனிக்குக்கு வருகிறார்கள், .45 கோல்ட்காரர்கள் கைவிளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்ததை வாங்கி, பழைய டப்பாவின் அளவை நினைவிலிருந்து போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மருந்தின் பருமனும் உதவாது.