ஆசா நீர்வீழ்ச்சிக்கு அரைநாள்

தியோமான் தீவுக்குப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள், மீனையும் பவளப்பாறையையும் பற்றித்தான் பேசுவார்கள். தீவின் தென்கோடியில், கடற்கரையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது என்றால் "அப்படியா?" என்று கேட்பவர்களே அதிகம். ஆசா என்பது அதன் பெயர். பெரும்பாலான பயணிகள் தங்கும் மேற்குக் கரையிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, படகுதான். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால், வழியில் இரண்டு இடங்களில் கடலில் இறங்கி, நீர்வீழ்ச்சியிலும் ஆசைதீரக் குளித்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

கடந்த பள்ளி விடுமுறையில் நாங்கள் ஏழு பேர் போனோம். ஜொகூர் பாருவிலிருந்து நான், கணவர், பதினொரு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. சிங்கப்பூரிலிருந்து அக்கா, அத்தான், அவர்களுடைய பன்னிரண்டு வயது மகன். ஏழு பேரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்: அத்தானும் அந்தப் பையனும். நம் வீடுகளில் இது சாதாரணம். தண்ணீரைப் பார்க்க ஆசையாக மூன்று மணி நேரம் காரோட்டிப் போவோம்; போனதும் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு, துண்டோடு பாயில் உட்கார்ந்து நாசி லெமாக் பிரிப்போம். ஆனால் படகுப் பயணத்தில் கரையென்று ஒன்று கிடையாது. இறங்குவதா, படகிலேயே உட்கார்ந்திருப்பதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் முடிவெடுத்தே ஆகவேண்டும்.

தெக்கேக் கம்பத்தில் தங்கியிருந்தோம். முதல் நாள் மாலையே படகுக்காரரிடம் பேசிவிட்டோம். கட்டணம் ஆளுக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா என்பதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய குடும்பத்துக்குப் படகையே மொத்தமாகப் பேசுவதுதான் கட்டுப்படியாகும். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: சிறுவர் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் அது மேலே ஏறிப் பிள்ளையின் முகத்தை மறைக்குமே தவிர, உடம்பைத் தூக்கிப் பிடிக்காது. எங்கள் பாக் சிக் என் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே போய்ச் சின்னதாக ஒன்றை எடுத்துவந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நிறுத்தம் ரெங்கிஸ். தெக்கேக்கிலிருந்து சில நிமிடங்களிலேயே வந்துவிடும், மரம் முளைத்த பெரிய பாறை போன்ற குட்டித் தீவு. கரைக்கும் அதற்கும் இடைப்பட்ட பக்கம் நீர் அமைதியாக இருக்கும். வெளிப்பக்கம் நீரோட்டம் உண்டு. அதனால் புதியவர்களை உள்பக்கத்திலேயே இறக்குவார்கள். தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தைத் தொடவோ அதன்மேல் நிற்கவோ கூடாது. இங்கே ஆமைகளைப் பார்க்கலாம். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களும் உண்டு. சுறா என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வகைச் சுறா பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப் போகும் கூச்ச சுபாவி. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது, பாறை இடுக்குகளில் நீண்ட கறுப்பு முட்களோடு உட்கார்ந்திருக்கும் கடல் முள்ளெலியிடம்தான். நிற்க இடம் தேடிக் காலை ஊன்றுபவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்வார்கள். மிதக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

அக்கா மகன் படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான், ஏதோ மெத்தையில் விழுவதுபோல. சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஸ்விம்சேஃபர்' திட்டத்தின்வழி நீச்சல் சொல்லித் தருகிறார்கள். தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, உடுத்திய உடையோடு எப்படி மிதப்பது என்பதெல்லாம் அதில் பாடம். நம் பக்கம் பெரும்பாலான பள்ளிகளில், தமிழ்ப்பள்ளி என்றாலும் தேசியப் பள்ளி என்றாலும், நீச்சல் குளமே கிடையாது. பெற்றோர் கைக்காசு போட்டு வகுப்புக்கு அனுப்பினால்தான் உண்டு. ஒரே தாத்தாவின் இரண்டு பேரப்பிள்ளைகள். இடையில் ஒரு பாலம்தான். அவன் தண்ணீருக்குள் ஆமையைத் துரத்தாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். இவள் ஏணியின் கடைசிப் படியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தை மட்டும் நனைத்து நனைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து "கையை விடு, ஜாக்கெட் பார்த்துக்கும்" என்றான். விடவில்லை.

அங்கிருந்து படகு தெற்கே திரும்பி, கரையை ஒட்டியே அரைமணி நேரத்துக்கு மேல் ஓடியது. பாயா, கெந்திங், நிப்பா என்று கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. (கெந்திங் என்ற பெயரைக் கேட்டு, கசினோ எங்கே என்று விசாரிக்கும் பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது அத்தான்.) தெற்கே போகப்போகக் கட்டடங்கள் குறைந்து, மலை கடலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பிறகு ஒரு வளைவில் அந்த இரட்டைச் சிகரங்கள் தெரிகின்றன: நெனெக் செமுக்குட், பத்து சிராவ். காட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் மொட்டைக் கருங்கல் கொம்புகள். கீழே முக்கூட் கம்பம், மலைக்கு முன்னால் தீப்பெட்டி அளவில் இருக்கிறது.

இந்தச் சிகரங்களுக்கு ஒரு கதை உண்டு. சீனாவிலிருந்து ஒரு டிராகன் இளவரசி சிங்கப்பூரில் இருந்த தன் இளவரசனைக் காணப் பறந்து வந்தாளாம். களைப்பாறத் தென்சீனக் கடலில் இறங்கியவளுக்கு இடம் பிடித்துப்போக, பயணத்தை மறந்து தீவாகவே மாறிவிட்டாளாம். கொம்புகள் இரண்டும் அவளுடையவை. பாக் சிக் மலாயில் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: "அப்படின்னா மாப்பிள்ளை இன்னும் எங்க ஊர்லதான் காத்துக்கிட்டு இருக்காரா?" படகுக்காரர்கள் சொல்லும் இன்னொரு கதை, 1958-இல் வெளிவந்த 'சவுத் பசிபிக்' ஹாலிவுட் படத்தின் மாயத்தீவு இதுதான் என்பது. படத்தின் பெரும்பகுதி ஹவாயில் எடுக்கப்பட்டது. இருந்தாலும் அந்தக் கொம்புகளைப் பார்த்தபிறகு மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

ஆசாவிலும் ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள். இப்போது யாரும் இல்லை. படகிலிருந்து இறங்கி, ஓடையை ஒட்டிக் காட்டுக்குள் ஏறினால் போதும். ஏற்றம் கடுமையில்லை, ஆனால் வேர்களும் ஈரப் பாறைகளும் உண்டு, ஜப்பான் சிலிப்பர் உதவாது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். முதலில் சத்தம், அடுத்து முகத்தில் குளிர்ச்சி, அதன்பிறகுதான் நீர்வீழ்ச்சி கண்ணில் படுகிறது. அகலமான கருங்கல் சரிவில் தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து இறங்கி, அடியில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே குளமாகத் தேங்குகிறது. குற்றாலம் போல் தலையில் வந்து அறையும் அருவி அல்ல இது. உப்பு அப்பிய உடம்போடு அந்த நன்னீரில் இறங்கும்போது ஏற்படும் சுகத்தைச் சொல்லால் விளக்க முயல்வது வீண்.

அங்கேதான் அம்மா எங்களை வாய்பிளக்க வைத்தார். காலை முழுக்கப் படகிலேயே உட்கார்ந்திருந்தவர், கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பாறையைப் பிடித்து இறங்கி, கழுத்தளவு நீருக்குப் போய், இரண்டு கையையும் விரித்து மல்லாந்து மிதந்தார். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். லயத்துக்குப் பின்னால் ஆறு ஓடியதாம். குளிப்பது, துவைப்பது, விளையாடுவது எல்லாம் அங்கேதானாம். "எங்க செட்டுல நீந்தத் தெரியாத புள்ளைங்களே கிடையாது" என்றார், வானத்தைப் பார்த்தபடியே. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடைத்தது; ஆறு போயிற்று. அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

பெண்கள் உடைக்காகத் தயங்க வேண்டாம். தீவின் கம்பங்கள் மலாய்க் கம்பங்கள். அங்குள்ள பெண்கள் முழுக்கை உடையும் தலைத்துணியுமாகத்தான் கடலில் இறங்குகிறார்கள். நீளக்கைச் சட்டையும் உடம்போடு ஒட்டிய கால்சட்டையும் போதும், வெயிலுக்கும் நல்லது. சுடிதாரின் துப்பட்டாவைத் தங்கும் அறையிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் அது கை காலைச் சுற்றிக்கொள்ளும்.

நீர்வீழ்ச்சியில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. காலையில் கடலில் எளிதாக மிதந்த அதே உடம்பு, இங்கே கொஞ்சம் கூடுதலாக அமிழும். நுரை பொங்கும் இடத்தில் இன்னும் மோசம். காற்று கலந்த நீர் உடம்பைத் தாங்காது. ஆனால் கடலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாத குடும்பங்கள்கூட "குளம்தானே" என்று இங்கே கழற்றி வைத்துவிடுகின்றன. பாக் சிக் எங்கள் பிள்ளைகளைக் கழற்றவிடவில்லை. நீந்தத் தெரிந்த மருமகனையும்தான். பாறையிலிருந்து குதிக்கவும் விடவில்லை.

அவர் குளிக்கவும் இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று எழுந்து "நாயிக், நாயிக்!" என்றார், எல்லாரும் மேலே ஏறுங்கள் என்று. தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. அவர் கையை நீட்டிக் காட்டினார்: குளத்தில் சருகுகள் கூடியிருந்தன, தெளிந்திருந்த நீர் ஒரு பக்கம் வெளிர்த் தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தியோமானின் உயர்ந்த மலையான குனுங் காஜாங் 1,038 மீட்டர். தீவோ சிறியது, சரிவு செங்குத்தானது. உச்சியில் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்து சேர்ந்துவிடும். மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனுங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்தது இதுதான்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் நாலைந்து பேர் "வானம் நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தார்கள். அவர் குரலை உயர்த்தி மறுபடியும் கூப்பிட்டதும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பயங்கரமாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் மெல்ல நிறம் மாறிச் சத்தம் கூடியது. பத்து நிமிடத்தில், என் மகள் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறையைக் காணவில்லை. அதன்மேல் பழுப்பு நீர் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர்களில் ஒருவர் வந்து பாக் சிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படகை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியில் நிப்பாவில் கடைசி நிறுத்தம். நீண்ட மணல்கரை, கூட்டம் இல்லை. அம்மா இம்முறை கேட்காமலேயே கடலில் இறங்கினார். பேத்தியின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "வயித்தை மேல தூக்கு, காதுக்குள்ள தண்ணி போனாப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கோலாலம்பூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பகாங்கின் தஞ்சோங் கெமோக் படகுத்துறையும் உண்டு. தீவில் படகு பல கம்பங்களில் நிற்கும். எந்தக் கம்பத்தில் இறங்கவேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம். பல தங்கும் விடுதிகள் மூடியிருக்கும், கடலும் கொந்தளிக்கும். நீண்ட நாள் மழையில்லாவிட்டால் நீர்வீழ்ச்சி மெலிந்துவிடும், அதனால் கிளம்பும் முன் படகுக்காரரிடமே கேட்டுவிடுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். மணல் ஈ கடிக்குப் பூசும் மருந்தும், நனையாத பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது என்பதால் படகு நேரம் கடல் ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். மறுநாள் வேலை இருப்பவர்கள் திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு விடுமுறைக்கு எழுதிக் கொடுங்கள்.