அருணையில் ஓர் இரவும் இரண்டு பேட்டரிகளும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வரும் வேன்கள் ராஜகோபுரத்தை நெருங்க இயலாது. திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, அவலூர்பேட்டை சாலை என எவ்வழியே வந்தாலும் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டையும் வணங்கி, ஆதி அண்ணாமலையிலும் சற்று நின்று திரும்ப நான்கைந்து மணி நேரமாவது ஆகும். நடக்க இயலாத பாட்டிமார்களும் உறங்கிவிட்ட குழந்தைகளும் அதுவரை வேனில்தான் இருப்பர். அவர்களுக்கு ஒரு விளக்கும் விசிறியும் வேண்டும். சர்க்கரை நோயாளி இருந்தால் இன்சுலினுக்குச் சிறு குளிர்பெட்டியும் வேண்டும். இருந்த இடத்திலிருந்தே மலையை நோக்கிக் கைகூப்பும் அந்த முதியோரின் வழிபாடு கிரிவலத்துக்குக் குறைந்ததன்று.

விடியற்காலையில் அந்த நிறுத்தங்களைச் சுற்றிவந்தால், ‘செல்ஃப்’ எடுக்காத வண்டியை நான்கு பேர் தள்ளுவதைக் காணலாம். எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அதே பேட்டரி இரவெல்லாம் விசிறியையும் சுழற்றியதன் விளைவு அது. அதற்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உறங்குவோரும் உண்டு. புகையிலுள்ள நஞ்சு வாசனையற்றது; உறங்குபவரை எழுப்பாமலே உயிரைக் கொண்டுபோகும். இதனை ஒருபோதும் செய்யலாகாது.

நெடும்பயணத்துக்கென வண்டி அமைப்போர் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைப்பது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே இருக்கும். எஞ்சின் ஓடி, டைனமோ போதிய வோல்டேஜ் தரும்போது இரண்டையும் இணைத்து மின்னேற்றும். எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். விளக்கும் விசிறியும் இரண்டாவதை மட்டுமே உண்ணும். முதலாவது தொடப்படாமல் காத்திருக்கும். அதிகாலையில் கோயிலில் ஏற்றும் பரணி தீபத்தின் சுடரை மாலை மகாதீபத்துக்கென மலைக்கு எடுத்துச் சென்று காப்பது நினைவுக்கு வருகிறது.

கணக்கு எளிது. சிறு குளிர்பெட்டி, விளக்கு, விசிறி மூன்றும் சராசரியாக 4 ஆம்பியர் எடுத்தால், பத்து மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் மணி. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே 100 ஆம்பியர் மணிப் பேட்டரி ஓர் இரவுக்குப் போதும். ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டினால் நிறைவு, 12.2 அளவுக்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று விசிறியை நிறுத்திவிடலாம். சென்னைக்குத் திரும்பும் நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும். கடைசிப் பகுதி மெல்லவே ஏறுமாதலால், வீட்டில் ஓர் இரவு சார்ஜரில் இடுவது நலம்.

நம் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். சிறு பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். வண்டிக்குள் கற்பூரம் ஏற்றுவதும், பேட்டரிப் பெட்டியின்மேல் அகல் வைப்பதும் வேண்டா. பூசையெல்லாம் வண்டிக்கு வெளியே, முன்புறம் தள்ளி நடக்கட்டும். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டமும், பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸும் இருத்தல் வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு நீர் ஊற்றலாகாது. ஆசிட் மேலே பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கார்த்திகைத் தீபத்தன்று நெரிசல் சொல்லி முடியாது. மலைமேல் தீபம் 11 நாட்கள் எரிகிறது. முதியோரை அழைத்துவருவோர் ஐந்தாம் ஆறாம் நாளில் வந்தால், கூட்டம் தணிந்திருக்கும். வண்டியிலிருந்தே இரவு முழுதும் சுடரைக் காணலாம்.