உடைக்கறதுக்குன்னே ஒரு க்ளஸ்டர்

குபெர்னெட்டிஸ்னா கிரேக்க மொழியில சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம். 2014-ல கூகுள் வெளியில விட்டப்ப வெச்ச பேரு. பேரு என்னமோ கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா ஆபீஸ்ல டீம் மொத்தமும் பங்கு போட்டுக்கிற டெஸ்ட் க்ளஸ்டர்ல கை வெக்கணும்னா, புதுசா வர்ற பசங்களுக்கு உதறல் எடுத்துடுது. ஏதாச்சும் ஒண்ணு விழுந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே! அதனால யாரோ எழுதி வெச்ச யாமல் ஃபைலை அப்படியே காப்பியடிச்சு காலத்தை ஓட்டறாங்க. சுக்கானைத் தொடாமலே மாலுமி ஆகறது எப்படிங்க?

அதுக்குத்தான் சொந்த லேப்டாப்புல ஒரு க்ளஸ்டர். மினிக்யூப், கே3எஸ்னு பல வழி இருக்கு. என் ஓட்டு கைண்டுக்கு. குபெர்னெட்டிஸையே டெஸ்ட் பண்றதுக்காகப் பொறந்த கருவி இது. இதுல ஒவ்வொரு நோடும் ஒரு டாக்கர் கண்டெய்னர், அவ்ளோதான். சின்னதா ஒரு கான்ஃபிக் ஃபைல்ல ஒரு கன்ட்ரோல் ப்ளேன், ரெண்டு வொர்க்கர்னு எழுதி 'கைண்ட் க்ரியேட் க்ளஸ்டர்' கமாண்டுக்குக் குடுத்தா, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ரெடி.

முதல்ல எல்லாரும் முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. நீங்க பில்டு பண்ண இமேஜ் லேப்டாப்புல பத்திரமா இருக்கும், ஆனா பாட் மட்டும் 'இமேஜ்புல்பேக்ஆஃப்'னு அழும். நோடு தனி வீடு மாதிரி. வெளிய இருக்கற இமேஜ் அதுக்குத் தெரியாது, 'கைண்ட் லோட்' போட்டு உள்ள தள்ளணும். டேக் 'லேட்டஸ்ட்'னு இருந்தா தள்ளினப்புறமும் அழும். ஏன்னா அந்த டேகைப் பாத்தாலே ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்ட்ரிக்கு ஓடறது அதோட வழக்கம். ஒரு வெர்ஷன் நம்பர் போடுங்க, அழுகை நிக்கும்.

இப்ப உடைக்கலாம். ஒரே ஒரு ரெப்ளிகாவோட ஒரு டிப்ளாய்மென்ட் ஓட விடுங்க. அந்த பாட் எந்த வொர்க்கர்ல இருக்கோ, அந்தக் கண்டெய்னரை 'டாக்கர் ஸ்டாப்' பண்ணிட்டு வேடிக்கை பாருங்க. ஒரு நிமிஷம் போல ஆனதும் நோடு 'நாட் ரெடி'ன்னு காட்டும். ஆனா பாட்? நகரவே நகராது! போன நோடு திரும்பி வருமான்னு 300 செகண்ட் பொறுத்துப் பாக்கறதுதான் அதோட டிஃபால்ட். அப்புறம்தான் அடுத்த வொர்க்கர்ல புதுசு முளைக்கும். அதுவரைக்கும் உங்க ஆப் அம்பேல். இந்த 5 நிமிஷக் கணக்கை நிஜ கஸ்டமர் காத்திருக்கற நடுராத்திரியில தெரிஞ்சுக்கறதா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல உக்காந்து தெரிஞ்சுக்கறதா? :-)

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எல்லா நோடும் ஒரே லேப்டாப்போட மெமரியையும் டிஸ்க்கையும்தான் பங்கு போடுது. அதனால வேகம், லோடு எல்லாம் இங்க அளந்து பாத்து முடிவு பண்ணாதீங்க. லோட் பேலன்சர் சர்வீஸும் தானா ஐபி வாங்காம 'பெண்டிங்'லயே நிக்கும், பயந்துடாதீங்க.

போதும்னு தோணினா 'கைண்ட் டெலீட் க்ளஸ்டர்'. எல்லாம் காலி, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அடுத்த தடவை ரெப்ளிகாவை ரெண்டாக்கிட்டு, அதே நோடை மறுபடி சாய்ச்சுப் பாருங்க. வித்தியாசம் கண்ணு முன்னாடியே தெரியும்.