ஒரு பழைய பைலுக்குள் எத்தனை லயம்?

கணக்கு எழுதுவது நம்ம மலையகத்துக்குப் புதுசு இல்லை. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட ஒரு செக்ரோல், கங்காணியிடம் பட்ட கடனைச் சொல்ல ஒரு துண்டு, 1921இல் அந்தத் துண்டு முறையை ஒழித்த பிறகும் தோட்டத்து ஒஃபிஸில் அடுக்கடுக்காகப் பதிவேடுகள். நம்மைப் பற்றி யாரோ எப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை வாசிக்கத்தான் நமக்கு வழி இருந்ததில்லை.

போன வருசம் எங்கள் கைக்கு வந்ததும் அப்படி ஒரு பதிவேடுதான். ஆனால் கொம்பியூட்டரில். பதுளையில் ஒரு சின்ன அமைப்பு. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை பக்கத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாத ஆட்களுக்கு அலைந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பல வருசத்து விபரம் முழுக்க ஒரே ஒரு மைக்ரோசொஃப்ட் அக்செஸ் பைலில் இருந்தது. செய்து கொடுத்த அண்ணன் வெளிநாடு போய்விட்டார். கணினியோ இன்றைக்கா நாளைக்கா என்று இழுத்துக்கொண்டிருந்தது. "நம்ம சனத்தோட பேரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு புள்ளைகளா, பாத்துச் செய்ங்க" என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா.

புதுசுக்கு மாற்ற வேண்டுமென்றால், உள்ளே எத்தனை அட்டவணை, எது எதோடு சேருகிறது என்று முதலில் தெரியவேண்டும். அசல் பைலைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து அதில் வேலையைத் தொடங்கினோம்.

அக்செஸுக்குள்ளேயே 'டேட்டாபேஸ் டொக்கியுமென்டர்' என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் டிக் பண்ணி ஓடவிட்டால் நூற்றுக்கணக்கான பக்கம் கொட்டும். ஒவ்வொரு நிரலுக்கும் அகலம், நிறம், வரிசை என்று வேண்டாததெல்லாம் வரும். 'ஒப்ஷன்ஸ்' பகுதியில் பேர், வகை, அளவு மட்டும் போதும் என்று தெரிவு செய்த பிறகுதான் வாசிக்கக்கூடியதாக வந்தது.

அடுத்து 'ரிலேஷன்ஷிப்ஸ்' ஜன்னல். அட்டவணைகளைப் பெட்டிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் இடம். திறந்து பார்த்தால் பெட்டிகள் இருக்கின்றன, கோடுகள் மூன்றே மூன்றுதான். மறைந்திருக்கும் சிஸ்டம் அட்டவணைகளில் தேடினாலும் அதே மூன்று. டிபீவர் என்ற இலவச மென்பொருளில் படம் வரைய வைத்தோம், அதுவும் அதே மூன்றைத்தான் வரைந்தது. காரணம் இதுதான்: அக்செஸில் தொடர்பை அறிவிக்காமலே வேலையை ஓட்டலாம். மிச்சத் தொடர்பெல்லாம் குவெரிகளுக்குள்ளும் படிவங்களில் உள்ள தெரிவுப் பட்டியல்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். அறிவித்ததை மட்டும்தான் நாங்கள் பார்த்த இந்த வழிகள் காட்டின.

ஆகவே பத்து வரி வி.பி.ஏ எழுதி எல்லாக் குவெரிகளையும் ஒரு உரைக் கோப்பில் கொட்டினோம். ஒருவர் வாசிக்க, ஒருவர் பிரிஸ்டல் போர்டில் பென்சிலால் கோடு போட்டார். மூன்று சனிக்கிழமை போனது.

படம் முழுசாக வந்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எல்லாக் கோடுகளும் போய்ச் சேர்ந்த இடம் 'லயம்' என்ற அட்டவணை. தோட்டம், டிவிசன், லயத்து இலக்கம், காம்பிரா இலக்கம் – இந்த நான்கும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்துக்கு அடையாளம். ஆளுக்கென்று தனி இலக்கம் கிடையாது. ஒரு பிள்ளை கல்யாணம் முடித்துப் பசறைப் பக்கம் போனாலோ, ஒரு குடும்பம் ஏழு பேர்ச்சஸ் தனி வீட்டுக்கு மாறினாலோ, பழைய அடையாளம் அறுந்து அவர்கள் புது ஆட்களாக மறுபடி பதிவாகிவிடுவார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை இருந்தது அதனால்தான்.

அந்த அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்தில் விலாசம் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? டிவிசனும் லயமும்தானே. காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், ஆள் காம்பிராவுக்குச் சொந்தம் என்கிற பழைய ஒழுங்கு அப்படியே பைலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. வரைந்து பார்க்கும்வரை அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வரைந்தும் தெரியாத விசயங்களும் இருந்தன. பேர் நிரலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துருவில் தட்டியது. டொக்கியுமென்டர் அதை 'டெக்ஸ்ட், 50' என்று மட்டும் சொல்லும். 'டி4' என்று ஆம்/இல்லை நிரல் ஒன்று. என்னவென்று எந்த வழியிலும் பிடிபடவில்லை. முன்பு தோட்டம் தோட்டமாக நடந்து விபரம் எடுத்த ஓர் அம்மாவைத் தேடிப்போய்க் கேட்டோம். "பொறப்பு பதியல, ஆனா புள்ளக்காம்பரா புத்தகத்துல பேர் இருக்கு. அதுக்குத்தான் அந்த டிக்" என்றார். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அலைகிற ஒருவருக்கு அந்த ஒரு டிக் எவ்வளவு பெரிய பிடிமானம்!

நம்ம சனத்துக்குக் காகிதம் என்பது சும்மா காகிதம் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்பே பதியாத குடும்பங்கள் எதைக் காட்டும்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தது. கடைசியாக எஞ்சியவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்தபோது, காணாமல் போனவர்கள் நூறா முந்நூறா என்று முதல் நாட்களில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. எந்த லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சரியாகச் சொல்கிற ஒரு பட்டியலின் பெறுமதி அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் தனி இலக்கம் கொடுத்து, லயத்தை அவர் இருக்கும் இடமாக மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். டிசைன் வியூவில் ஒவ்வொரு நிரலுக்குப் பக்கத்திலும் 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அர்த்தத்தைத் தமிழில் எழுதி வைக்கிறோம். 'புரொப்பர்டீஸ்' சேர்த்து டொக்கியுமென்டரை ஓடவிட்டால் அதுவும் அச்சாகி வரும். படத்தில் யாருடைய பேரும் இல்லை, அதனால் உதவி கேட்டு வெளியே அனுப்பவும் பயமில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்திலோ மாதர் அமைப்பிலோ இப்படி ஒரு பைல் கட்டாயம் இருக்கும். செய்தவர் ஊரில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்துவிடுங்கள். முக்கியமாக, 'டி4' என்றால் என்னவென்று கேட்டு எழுதிவிடுங்கள்.