சொந்த ஊரு எது?

எந்த ஊரில் இருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆனதும் நானும் இணையரும் முதலில் செய்த காரியம், ஊர் தேடியதுதான். சென்னை வாடகை கட்டி மாளவில்லை. ‘சைவம் மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்ட கேட்டுகளைத் தாண்டி நடந்தும் அலுத்துவிட்டது. எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம். எங்கள் அரசியலுக்கு ஒத்துவருகிற ஊர் ஒன்றுகூடவா இருக்காது? மூன்றே நிபந்தனைகள்: சாதி கேட்காமல் வீடு கிடைக்கணும், மாட்டுக்கறிப் பையை மறைத்து எடுத்துவரக் கூடாது, நடக்கிற தூரத்தில் நூலகம் வேணும்.

நான் தேர்தல் முடிவுகளைத் தொகுதி வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். “எங்க பக்கம் ஊர்த்தெருவும் காலனியும் ஒரே சின்னத்துலதான்டா குத்தும். அதுக்காக எங்களுக்கு வீடு குடுப்பானா?”

கேட்காமல் ஈரோடு என்றேன். உணர்ச்சிவசப்பட்ட தேர்வுதான், ஒத்துக்கொள்கிறேன். பெரியார் பிறந்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகம். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக வீடு பார்க்கப் போனோம்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். வாடகை பேசுவதற்கு முன்பே காபி வந்தது. “தம்பிக்குச் சொந்த ஊரு எதுங்க?” சொன்னேன். கரூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவர் முகம் மலர்ந்தது. “அப்படீங்களா! குலதெய்வக் கோயில் எங்கீங்க?”

அதையும் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்றுதான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘அது எதுக்குங்க’ என்று கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் பேசிய பேச்சு, போட்ட பதிவு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

அடுத்து, “அம்மிணிக்கு எந்த ஊருங்க?” என்றார். அவள் கடலூர் மாவட்டத்தில் தன் கிராமத்தின் பேரைச் சொல்லி, யாரும் கேட்காமலே “காலனி” என்றும் சேர்த்தாள். சாயங்காலம் போன் வந்தது. மகன் திரும்பி வருகிறானாம், வீடு கொடுப்பதாக இல்லையாம்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதைச் சொல்லி வெளிமாநில நண்பர்களிடம் நான் பீற்றிக்கொண்டதுண்டு. இப்போதும் அது சின்ன விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கல்லூரி வருகைப் பதிவேட்டில் அவள் பேரும் என் பேரும் ஒரே மாதிரி, வாலில்லாமல் இருந்தன. ஆனால் பேரில் கிடைக்காததை நம் ஆட்கள் ஊரில் தேடுகிறார்கள். எந்த ஊர், அதில் எந்தத் தெரு, எந்தச் சாமி. மூன்றாவது கேள்வியில் ஆள் மாட்டிவிடுவான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: “நீ ‘ஊர் தேடுறோம், ஊர் தேடுறோம்’னு சொல்றப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்டா. எங்க வீட்ல, ‘ஊருக்குள்ள போயிட்டு வரேன்’னுதான் சொல்லுவோம். ஊருன்னா உங்க ஆளுங்க இருக்கற இடம். நாங்க இருந்தது ஊரே இல்ல.” கொடுமுடி தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு சமத்துவபுரத்தைப் போய்ப் பார்த்தோம். ஏழைகளுக்கான வீடுகள் அவை; எங்களுக்குக் கிடைக்காது, கேட்பதும் தப்பு. சும்மா பார்க்கத்தான் போனோம். கலைஞர் ஆட்சியில் 1997இல் வந்த திட்டம். நூறு வீடு: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஊர், சேரி என்ற கோடே இல்லாமல் அரசாங்கமே ஓர் ஊரைக் கட்டிப் பார்த்திருக்கிறது. திண்ணையில் இருந்த பாட்டி, “நல்லாத்தான் இருக்கோம் கண்ணு. சண்டைன்னா கொழாயடியில வரும், அம்புட்டுத்தான். பொண்ணு குடுக்க, எடுக்க மட்டும் அவங்கவங்க பழைய ஊருக்குப் போயிருவாங்க” என்றார்.

கடைசியில் வீடு அமைந்தது திருச்சி பொன்மலையில். ரயில்வே பணிமனையை நம்பிப் பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறிய இடம். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்த சங்கத்திடலும் இங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் நான் வீடு பிடித்த பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் ஈரோட்டைப் போல இதையும் தலையில் வைத்து ஆடியிருப்பேன். ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளியான வீட்டுக்காரர் கேட்டது இரண்டு: ரெண்டு பேருக்கும் வேலை நிரந்தரமா, காலையில் ஆறு மணிக்கு எழுந்து மோட்டார் போடுவீங்களா?

வரிசையில் ஒரு வீட்டம்மா மட்டும், எதையோ மோப்பம் பிடித்துவிட்டு, எங்களோடு கிண்ணம் மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார். நூலகத்துக்கு பஸ் ஏறத்தான் வேண்டும். கறிப்பை மறைக்காமல் வருகிறது.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “உனக்குச் சொந்த ஊரு எதும்மா?” நான் உள்ளே வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். இவள் ஊர்ப் பேரைச் சொன்னாள், காலனி என்றும் சொன்னாள்.

“கடலூர்ப் பக்கமா? அங்கல்லாம் தண்ணி உப்பா இருக்குமோ?”

“எங்க கொழாயில நல்ல தண்ணிதான்க்கா. ரெண்டு நாளைக்கு ஒருதரம் வரும்.”